‘தியெம்போ ஃபுவேரா’ என்றால் வெளியே எங்கே?

“மாஎஸ்த்ரா, பிள்ளையை வெளியே எங்கே உட்கார வைக்கணும்? ராத்திரியில குளிருமே” என்று வகுப்பெடுத்த டீச்சரிடம் ஒரு அம்மா கேட்டார்.

2011 ஜனவரி. ஃபீனிக்ஸ் பாலைவன ஊர்தான், ஆனால் ஜனவரி இரவில் நன்றாகவே குளிரும். நகரின் மேற்குப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில், வியாழன்தோறும் சாயங்காலம் ஸ்பானிஷ் பேசும் பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பு வகுப்பு ஒன்று நடந்தது. அன்று கையில் கொடுத்த தாளில் ‘தியெம்போ ஃபுவேரா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த ‘டைம் அவுட்’தான் அது. அடம்பிடிக்கிற பிள்ளையை அடிக்காமல், சில நிமிடம் ஒரு நாற்காலியில் தனியே உட்கார வைப்பது. யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார்கள். தியெம்போ என்றால் நேரம், ஃபுவேரா என்றால் வெளியே. அந்த அம்மாவின் சந்தேகம் ரொம்ப நியாயமானது.

கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வகுப்பே சிரித்தது, கேட்ட அம்மாவும் சேர்ந்துதான். விளக்கம் சொல்லி முடித்ததும் மூலையில் இருந்த ஒரு பாட்டி, “நாற்காலியில உட்கார வைக்கிறது தண்டனையா? எனக்கு யாராவது அஞ்சு நிமிஷம் அப்படித் தண்டனை குடுங்களேன்” என்றார்.

நான் பக்கத்து அறையில் அந்தப் பெற்றோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த எச்4 காரி. அப்போது எங்களுக்கு ஊரில் இருக்க அனுமதி உண்டு, வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ் சேர்ந்து, அங்கே ஒருத்தர் சொல்லி இந்தத் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. தமாலே எனக்குப் பழகியது அங்கேதான்.

அந்த வகுப்பில் பார்த்ததற்கும், பிறகு இந்தத் துறையில் தேடித்தேடிப் படித்ததற்கும் நடுவே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். லத்தீனோ குடும்பங்களில், அதாவது லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் வீடுகளில், வன்முறையைத் தடுக்கப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி செய்கிறவர்கள் ‘பண்பாட்டுக்கேற்ற சிகிச்சை’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பானிஷில் பேசுவது, சுவரில் குவாதலூப்பே மாதா படம், இடைவேளையில் சோளரொட்டி என்றுதான் தோன்றும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அதன் உயிர் அங்கே இல்லை. பிள்ளை புது நாட்டைப் பெற்றோரைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறது, அதனாலேயே வீட்டில் பெரியவர் சின்னவராகவும் சின்னவர் பெரியவராகவும் ஆகிவிடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தக் காலகட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரலில் அரிசோனாவில் எஸ்பி 1070 என்ற சட்டம் கையெழுத்தானது. போலீஸ் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினாலும், முறையான அனுமதி இல்லாதவரோ என்று நியாயமான சந்தேகம் வந்தால் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் மையம். முக்கியமான பிரிவுகளை நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே நிறுத்திவைத்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் மூன்று பிரிவுகளைத் தள்ளி, காகிதம், அதாவது குடியேற்ற ஆவணம், கேட்கும் பிரிவை விட்டுவைத்தது. ஆனால் பயத்துக்கு யார் தடையுத்தரவு தர முடியும்? வகுப்புக்கு வருகிறவர்கள் வண்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒரு விளக்கு எரியாவிட்டால் போலீஸ் நிறுத்தலாம். நிறுத்தினால் மற்றது.

இந்தப் பயம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று ஒரு அப்பா சொன்னார். “ஊர்ல எங்க அம்மா சாங்க்லாவைக் கழட்டினாலே நாங்க ஓடுவோம். இங்க நான் குரலை உசத்தினாலே பையன் நயன் ஒன் ஒன் கூப்பிடுவேங்கறான்.” சாங்க்லா என்றால் செருப்பு, நயன் ஒன் ஒன் என்றால் போலீஸை அழைக்கும் அவசர எண். செருப்பு இல்லாமல் ஒரு மெக்சிகன் அம்மாவின் கதை இல்லை. பையன் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். ஆனால் காகிதம் இல்லாத அப்பாவின் காதில் அது விளையாட்டாக விழாது. அடிக்கவும் முடியாது, அடிக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்றும் தெரியாது. அதனால் பலர் சில மாதம் எதுவுமே சொல்லாமல் விட்டுவிட்டு, ஒருநாள் மொத்தமாக வெடிப்பார்கள். அந்த வகுப்பில் நான் கேட்ட கதைகளில் பாதி இதுதான்.

இதை முதலில் ஒழுங்காகக் கவனித்தவர்கள் மயாமியில் இருந்தார்கள். கியூபப் புரட்சிக்குப் பிறகு அலையலையாக வந்திறங்கிய அகதிக் குடும்பங்களில், 1970களில் பிள்ளைகள் போதையிலும் அடிதடியிலும் விழுந்துகொண்டிருந்தார்கள். மயாமி பல்கலைக்கழகத்தில் ஹொசே சபோச்னிக் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் இந்தக் குடும்பங்களோடு வேலைசெய்யத் தொடங்கினார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே இருப்பது வெறும் தலைமுறை இடைவெளி இல்லை, அதன்மேல் ஒரு நாட்டு இடைவெளியும் ஏறியிருக்கிறது என்று கண்டார்கள். பையன் அமெரிக்கன் ஆக ஆக அம்மா இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார், அம்மா இறுக்க இறுக்க அவன் இன்னும் ஓடுகிறான். ஒருவர் செய்வதே அடுத்தவருக்கு எரிபொருள்.

அவர்கள் கையாண்ட முறை எனக்கு இன்றைக்கும் வியப்புதான். இருபண்பாட்டுத் திறன் பயிற்சி என்று ஒன்றை 1980களில் உருவாக்கினார்கள். வழக்கமாக ஒரு குடும்பம் சிகிச்சைக்கு வந்தால் ‘இவன்தான் பிரச்சினை’ என்று ஒருத்தரைக் காட்டும். இவர்கள் அந்த நாற்காலியில் பையனையும் உட்கார வைக்கவில்லை, அம்மாவையும் உட்கார வைக்கவில்லை. பண்பாட்டு மோதலையே நோயாளி ஆக்கினார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எதிரி, அது இந்த மோதல், வாருங்கள் சேர்ந்து பார்ப்போம் என்றார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்த்தவர்களை ஒரே பக்கம் உட்கார வைக்கிற வேலை அது.

அவர்களுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர் சால்வடோர் மினுச்சின். அர்ஜென்டினாவில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர், 2017இல் காலமானார். 1960களில் நியூயார்க்கில், பெரும்பாலும் ஏழைக் கறுப்பின, புவெர்த்தோரிக்கக் குடும்பங்களின் பையன்கள் இருந்த ஒரு சீர்திருத்தப் பள்ளியில் வேலை பார்த்தபோது, பையனோடு மட்டும் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் யார் யாருக்கு மேலே, யார் யாரோடு சேர்ந்து யாரை எதிர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். குடும்ப அமைப்புச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் வந்தது.

குடும்பத்தைச் சேர்க்காமல் பிள்ளையை மட்டும் சரிசெய்தால் என்ன ஆகும்? மயாமிக் குழு இதையும் சோதித்துப் பார்த்தது, முடிவு 1989இல் வந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள 69 ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் வம்சாவளி, பையன்கள். சிலருக்குக் குடும்பச் சிகிச்சை, சிலருக்குத் தனியாக உளப்பகுப்பு முறையில் சிகிச்சை, சிலருக்கு வெறும் விளையாட்டுக் குழு. பையனின் நடத்தையை மட்டும் பார்த்தால் இரண்டு சிகிச்சைகளும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தந்தன. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, குடும்பச் சிகிச்சை பெற்ற வீடுகள் முன்னைவிட நன்றாக இருந்தன, பையனுக்கு மட்டும் தனியாகச் சிகிச்சை தந்த வீடுகளில் குடும்ப உறவு மோசமாகியிருந்தது. பையன் தேறிவிட்டான், வீடு கெட்டுவிட்டது. இதைப் படித்த அன்று கொஞ்சநேரம் மேலே படிக்க முடியவில்லை. நல்ல எண்ணத்தோடு ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசுகிற எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள், என்னையும் சேர்த்து.

சரி, குடும்பத்தோடு வா என்றால் வந்துவிடுவார்களா? மாட்டார்கள். தெரப்பி என்ற சொல்லே ‘லோக்கோ’வுக்கு, அதாவது பைத்தியத்துக்கு, என்றுதான் பலருக்குப் பொருள். வராத குடும்பத்தை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடுவதுதான் அலுவலக வழக்கம். சபோச்னிக் குழு அதையும் திருப்பிப் போட்டது. வராமலிருப்பதே அந்த வீட்டின் பிரச்சினையின் ஒரு முகம்தான் என்றார்கள். வாசலை யார் மறிக்கிறார்? அதிகாரம் கையிலுள்ள பையனா, விலகி நிற்கும் அப்பாவா, வெட்கப்படும் அம்மாவா? முதல் தொலைபேசி அழைப்பிலிருந்தே அதைக் கண்டுபிடித்து, வேண்டுமானால் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். 1988இல் வெளியான ஆய்வில் 108 குடும்பங்கள் இருந்தன. இப்படிக் கூப்பிட்டவர்களில் 93 சதவீதம் சிகிச்சைக்குள் வந்தார்கள், வழக்கமான முறையில் 42 சதவீதம். கடைசிவரை முடித்தவர்கள் ஒரு பக்கம் 77 சதவீதம், மறுபக்கம் 25.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பின் புரொமோத்தோராதான் கண்முன் வந்தார். புரொமோத்தோரா என்றால் அதே அக்கம்பக்கத்திலிருந்து வந்து அந்த மக்களுக்காக வேலைசெய்யும் பெண். வகுப்பைப் பற்றிப் பேச அவர் யாரையாவது கூப்பிட்டால், முதல் பத்து நிமிடம் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முழங்கால் வலி எப்படி இருக்கு, சினலோவாவில் தங்கச்சிக்குப் பிரசவம் ஆயிற்றா, போன வாரம் செய்த போசோலே நன்றாக இருந்ததாமே. எல்லாம் கேட்டபிறகு, “அப்புறம், வியாழக்கிழமை உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்” என்பார். அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு ஸ்பானிஷில் கொன்ஃபியான்சா என்று பெயர். எவ்வளவு நல்ல பாடத்திட்டமாக இருந்தாலும் அது இல்லாமல் வாசலைத் தாண்டாது.

இன்னொரு காட்சி, வகுப்புக்கு வெளியே பார்த்தது. ஒரு பள்ளி அலுவலகத்தில் என் விஷயமாக வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு அம்மாவும் பத்து வயதுப் பையனும். உள்ளே இருந்தவர் ஆங்கிலத்தில், உங்கள் மகன் இந்த வாரம் மூன்று முறை வகுப்பைக் கெடுத்தான், வீட்டில் கண்டியுங்கள் என்றார். பையன் அம்மாவிடம் திரும்பி ஸ்பானிஷில், “நான் சத்தமா படிக்கிறேனாம், கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்றாங்க” என்றான். அம்மா மகிழ்ச்சியோடு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த வீட்டில் வங்கிக் கடிதம், மருத்துவர் சொன்னது, வீட்டுக்காரர் போட்ட நோட்டீஸ் எல்லாமே அவன் வாய்வழியாகத்தான் வருகிறது. அவன் எதைச் சொல்கிறானோ அதுதான் அவர்களுக்கு அமெரிக்கா.

மொழியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது, தமிழ்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் உண்டு: தூ, உஸ்தெத். பல வீடுகளில் அப்பாவிடம் உஸ்தெத்தான். பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறியதும் எல்லாம் ஒரே ‘யூ’. அவன் எந்த மரியாதைக்குறைவையும் நினைக்கவில்லை, அவன் பேசும் மொழியில் அந்தப் படியே கிடையாது. அப்பாவின் காதிலோ தினமும் ஏதோ ஒன்று குறைகிறது. ரெஸ்பெத்தோ, மரியாதை, போய்விட்டது என்று அவர் புலம்புவது அதைத்தான். படிப்பு என்று நாம் நினைக்கிற ‘எதுகாசியோன்’ என்ற சொல்லும் அப்படியே. ‘மால் எதுகாதோ’ என்றால் படிக்காதவன் இல்லை, வளர்ப்பு சரியில்லாதவன். வளர்ப்பைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு சொலவடையும் கூடவே வந்துவிடும். அந்தப் பாட்டி ஒருமுறை சாங்க்லாவுக்கு ஆதரவாக, “கோணலாப் பொறந்த மரம் நிமிரவே நிமிராது” என்றார். நம்ம ‘ஐந்தில் வளையாதது’க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி போலிருந்தது. வகுப்பை நடத்தியவர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. “சின்னச் செடியை நிமிர்த்த அதை அடிப்பீங்களா, பக்கத்துல ஒரு குச்சி நட்டுக் கட்டுவீங்களா?” என்று கேட்டார். பாட்டி யோசித்துவிட்டு, “கட்டும்போது ரொம்ப இறுக்கினா தண்டு அறுந்துடும்” என்றார். அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிட்டது, அந்தத் தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. புவெர்த்தோ ரிக்கோவில் கில்லெர்மோ பெர்னாலும் உடன் இருந்தவர்களும் 1995இல் ஒரு சிகிச்சையை வேறு பண்பாட்டுக்குக் கொண்டுபோகும்போது பார்க்க வேண்டிய எட்டு அம்சங்களைச் சொன்னார்கள். மொழி அதில் ஒன்றே ஒன்றுதான். உவமையும் சொலவடையும் தனியாக இன்னொன்று.

இதற்காக, தழுவிச் செய்தது எல்லாமே வெல்லும் என்று சொல்ல வரவில்லை. சான் டியேகோவில் கிறிஸ்டன் மெக்கேபும் மே யேவும், சின்னப் பிள்ளைகளோடு பெற்றோர் பழகும் முறையை நேரடியாகப் பயிற்றும் ஒரு சிகிச்சையை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களுக்காக மாற்றி அமைத்தார்கள். சிகிச்சை என்ற பெயரே வேண்டாம் என்று, வகுப்பு போலவும் பயிற்சி போலவும் நடத்தினார்கள். மூலச் சிகிச்சையையும் தழுவியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமாக ஊரில் கிடைக்கும் சிகிச்சையைவிட இரண்டுமே மேல், அவ்வளவுதான். இதை மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு அவர்கள்மேல் மதிப்பு.

டெட்ராய்டில் ரூபென் பாரா கார்தோனாவின் குழு கேட்டது இன்னும் கூர்மையான கேள்வி. ஒரே பெற்றோர் பயிற்சி, இரண்டு வடிவங்கள். இரண்டும் ஸ்பானிஷில், இரண்டும் லத்தீனோ மக்களுக்கேற்ப மாற்றியவை. ஆனால் ஒன்றில் பிள்ளை வளர்ப்பு மட்டும், இன்னொன்றில் அதோடு குடியேறிய வாழ்க்கை, சந்திக்கும் பாகுபாடு, இரண்டு பண்பாட்டுக்கு நடுவே நிற்பது பற்றியும் பேசினார்கள். 103 குடும்பங்கள். வளர்ப்பு முறை இரண்டிலும் மேம்பட்டது, பிள்ளைகளிடம் தெரிந்த மாற்றம் இரண்டாவதில் கூடுதல். வேலையிடத்தில் அவமானப்பட்டு வந்த அப்பாவிடம் ‘பிள்ளையைப் பாராட்டுங்கள்’ என்று மட்டும் சொல்வதற்கும், முதலில் அந்த அவமானத்தைச் சொல்ல இடம் கொடுத்துவிட்டு அதைச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

பிள்ளையை அடிப்பதைவிடப் பேசக் கடினமானது மனைவியை அடிப்பது. இங்கேதான் ‘பண்பாடு’ என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். மச்சிஸ்மோ, அதாவது ஆண் என்ற மிடுக்கு, அவர்கள் அப்படித்தான் என்று கைகழுவ அது வசதியான சொல். அட்லாண்டாவில் உளவியலாளர் ஹூலியா பெரீயா 1990இல் தொடங்கிய கமினார் லத்தீனோ என்ற அமைப்பு வேறு வழியில் போனது. பெண்களுக்கான ஆதரவுக் குழுவாக ஆரம்பித்து, ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குழுக்கள் வைத்து, முழுக் குடும்பத்தோடும் வேலைசெய்தது. ஜோடியாக உட்கார வைத்துச் சமாதானம் பேசுகிற வேலை இல்லை இது. அடித்தவர் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஏன் முழுக் குடும்பம்? போலீஸைக் கூப்பிடு, வீட்டைவிட்டு வா என்பது காகிதம் உள்ள பெண்ணுக்கே சுலபமில்லை. காகிதம் இல்லாதவளுக்குக் கூப்பிட்டால் யாரை நாடு கடத்துவார்கள் என்றே தெரியாது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 1994 சட்டம், குடியுரிமையோ நிரந்தர அனுமதியோ உள்ள கணவனால் வதைபடும் மனைவி தானே மனுப்போட வழி செய்தது. 2000இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கு ‘யு விசா’ வந்தது. ஆனால் முதன்மை மனுதாரர்களுக்கு வருஷத்துக்கு 10,000தான் உச்சவரம்பு, வரிசை பல வருஷம் நீளும். அதுவரை அவள் அதே ஊரில், பெரும்பாலும் அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். அப்படி இருக்கிறவளிடம் அடிப்பவனைப் பற்றிப் பேசாமல் அவளோடு மட்டும் பேசுவது பாதிவேலை.

எங்கள் வகுப்பின் கடைசி இரண்டு வாரத்துக்குப் பதின்வயதுப் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். வட கரோலினாவில் பால் ஸ்மொகோவ்ஸ்கியும் மார்ட்டிகா பக்காயாவோவும் லத்தீனோ இளைஞர் வன்முறையைத் தடுக்க ‘எந்த்ரே தோஸ் முந்தோஸ்’, அதாவது ‘இரு உலகங்களுக்கு நடுவே’, என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். அதில் குடும்பத்தார் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று நடித்துப் பார்ப்பார்கள். அதே மாதிரி ஒன்றை எங்கள் ஆட்களும் செய்தார்கள். குழந்தைகளுக்கு வண்ணக்குச்சிகளைக் கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

கூரை போடும் வேலை செய்யும் ஒரு அப்பா, அவர் மகள், பதினாலு வயதிருக்கும். அவள் அப்பாவாக நடிக்க வேண்டும், அவர் அவளாக. அவள் உள்ளே வந்தாள், குனிந்து இல்லாத பூட்ஸைக் கழற்றினாள், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் அவர் முறை. எழுந்து நின்றார், கற்பனைக் கதவு ஒன்றைப் படாரென்று சாத்தினார், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வகுப்பை நடத்தியவர், “ம், உள்ளே போயாச்சு, இப்ப என்ன பண்றீங்க?” என்றார்.

“தெரியலையே” என்றவர் மகளிடம் திரும்பினார். “கதவைச் சாத்திக்கிட்டு நீ என்னதான் பண்ணுவே, மீஹா?”

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்பானிஷில், உஸ்தெத் போட்டுத்தான் சொன்னாள். “உங்களுக்கு வர்ற லெட்டரையெல்லாம் படிச்சுட்டு இருப்பேன் பாப்பி. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்னு யோசிச்சுட்டு இருப்பேன்.”

“எந்த லெட்டர்?”

அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது விரலுக்கு வரும்போது பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டது, நான் உள்ளே ஓடினேன்.